உப்புக்காற்றில் இறுகிய போல்ட்

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பல வருடம் ஓடிய காரைத் தஞ்சாவூர்ப் பட்டறையில் ஜாக்கி போட்டுத் தூக்கினால், அது கடலோர வண்டி என்று மெக்கானிக் பார்த்ததுமே சொல்லிவிடுவார். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடியில் சைலன்சர் கிளாம்பிலும், பழைய அம்பாசிடராக இருந்தால் பின்பக்கப் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்கை) பிடித்திருக்கும் யூ போல்ட்டிலும், நட்டு எங்கே முடிகிறது, போல்ட் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது.

இப்படித் துருப்பிடித்து இறுக மழை பெய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். கடற்கரை ஊர்களில் விடியற்காலையில் ஈரப்பதம் அந்த அளவை எட்டுவது சாதாரணம். அதனால் சித்திரை வெயில் காலத்திலும் வண்டிக்கு அடியில் மெல்லிய உப்புநீர்ப் படலம் உருவாகிறது. துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை. ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது; பக்கத்திலேயே ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் இந்தக் கொடுக்கல் வாங்கல் வேகமாக நடக்கும். உள்ளே திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் உப்புக்காற்று குறைவு. ஆனால் வயல் சேறு அடியில் அப்பிக்கொண்டு நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். துரு, தான் உருவான இரும்பைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு இடத்தைப் பிடிக்கும். நட்டின் மரைக்கும் (சுருள் வெட்டுக்கும்) போல்ட்டின் மரைக்கும் நடுவே இருப்பதோ மயிரிழை இடைவெளி. அங்கே பொங்கும் துருவுக்குப் போக இடமில்லை. நட்டையும் போல்ட்டையும் இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் பலர் ஸ்பேனரில் பைப் மாட்டித் தொங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மில்லிமீட்டர் போல்ட்டை இறுக்கச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். 60 சென்டிமீட்டர் பைப்பின் நுனியில் 30 கிலோ எடையைக் கொடுத்தால் அது கிட்டத்தட்ட 180 ஆகிவிடும். துரு விடுவதற்கு முன் போல்ட்டின் கழுத்தே முறுக்கி அறுந்துவிடும். அறுந்த துண்டை டிரில் போட்டு எடுப்பது அரை நாள் வேலை. அதனால் செய்ய வேண்டியது துருவின் பிடியை உடைப்பது. பலத்தைக் கூட்டுவது அல்ல.

முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைச் சுத்தமாகத் தேய்க்க வேண்டும். அடுத்து எண்ணெய். குறுகலான சந்துக்குள் திரவம் தானாக ஏறும். சந்து எவ்வளவு குறுகலோ இழுப்பு அவ்வளவு அதிகம். ஆனால் வேகம் குறைவு. பட்டறையில் மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு "ராத்திரி ஊறட்டும் அண்ணே, காலையில பார்க்கலாம்" என்று சொல்வது சோம்பல் இல்லை, சரியான இயற்பியல். டபிள்யூடி-40 முதலில் 1953-ல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது, ஓரளவு உதவும். துருவுக்கென்றே விற்கும் ஊடுருவும் எண்ணெய் அதைவிட நல்லது என்பது என் கருத்து.

எண்ணெய் விட்டதும் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராகத் தட்ட வேண்டும். ஓங்கி அடிக்க வேண்டாம். சின்னச் சின்னதாக, நிறையத் தட்டுங்கள். எஃகு வளைந்து கொடுக்கும், துரு வளையாது, விரிசல் விடும். அந்த விரிசல்தான் எண்ணெய்க்கு வழி.

மறுநாள் ஸ்பேனர் போடும்போது முதலில் இறுக்கும் பக்கமாகத் துளி திருப்புங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் அது அசைந்தால் ஒட்டுப் பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்ற வேண்டும். ஒரே போக்கில் சுற்றினால் உடைந்த துருத்தூள் மரைக்குள் சேர்ந்து, பாதி வழியில் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். முன்னும் பின்னும் போனால் தூள் எண்ணெயோடு குழம்பி, பழுப்புச் சேறாக வெளியே வழியும். அதைப் பார்த்தால் வேலை சரியாகப் போகிறது. ஸ்பேனர் அளவிலும் கவனம் தேவை: பழைய வண்டிகளில் அரை அங்குல ஸ்பேனர் பிடிக்கும் நட்டின் அகலம் 12.7 மில்லிமீட்டர். அதில் 13 போட்டால் முனை மழுங்கிவிடும்.

இதற்கும் மசியாவிட்டால், விட்ட எண்ணெயைத் துடைத்துவிட்டுக் கேஸ் வெல்டிங் தீ. சூடாக்கினால் நட்டு விரிந்து ஓட்டை சுருங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, ஓட்டையும் சேர்ந்தே பெரிதாகும். 12 மில்லிமீட்டர் நட்டை மட்டும் 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் ஓட்டை சுமார் 0.04 மில்லிமீட்டர் அகலும். துருவை உடைக்க அது தாராளம். நட்டு சற்று ஆறியதும் மரை ஓரத்தில் மெழுகுவர்த்தியை வைத்தால், மெழுகு உருகி உள்ளே இழுபடும். அலுமினியத்துக்குள் இருக்கும் எஃகு போல்ட் என்றால் அலுமினியத்தைச் சூடாக்க வேண்டும். அது எஃகைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும். பெட்ரோல் டேங்க், பிரேக் ஹோஸ் பக்கத்திலோ, எண்ணெய் சொட்டும் இடத்திலோ தீ காட்டவே கூடாது.

சூடு பட்ட போல்ட் பலத்தை இழந்திருக்கலாம். அதனால் பட்டை, பிரேக் சம்பந்தப்பட்ட இடங்களில் புதியதே போட வேண்டும். மாட்டும்போது மரையில் செம்புத்தூள் கிரீஸ் தடவினால் அடுத்த முறை சுலபமாகக் கழலும். ஆனால் கிரீஸ் உராய்வைக் குறைப்பதால், பழைய அளவு விசையிலேயே இறுக்கினால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். கொஞ்சம் குறைத்தே இறுக்குங்கள். சக்கர நட்டுகளுக்கு மட்டும், கார் கையேட்டில் சொல்லாவிட்டால், கிரீஸ் தடவ வேண்டாம்.