கட்டுவிரியன் கடித்தவர் கடிபட்டவர் போல இருக்க மாட்டார்

மாரி தொடங்கிவிட்டது. முத்தையன்கட்டு, வவுனிக்குளம் பக்கம் வயல் காவலுக்குப் போய்க் கொட்டிலில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கண்ணாடி விரியன் கடித்தால் பெரும்பாலும் வலியும் வீக்கமுமே ஆளை ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிடும். கட்டுவிரியன் அப்படியல்ல. இரவில், தூக்கத்தில் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட அடையாளம்கூடப் பலரில் தெரியாது. நுளம்பு என்று நினைத்துத் திரும்பிப் படுத்தவர் விடியப்புறம் வயிற்றுக்குத்தோடு எழும்புவார், சத்தி எடுப்பார். வீட்டில் காஸ்ரிக் என்று இஞ்சித் தண்ணி கொடுப்பார்கள். அந்த நேரத்து வயிற்றுவலிக்கு நான் முதலில் கேட்பது, "ராத்திரி எங்க படுத்தனீங்கள் ஐயா?" என்பதுதான். நிலத்தில் என்றால் கண்ணைப் பார்ப்பேன். இமை தூக்க முடியாமல் விழுந்தால், நாக்குக் குளறினால், எச்சில் விழுங்கக் கஷ்டப்பட்டால் அடுத்து நிற்கப்போவது மூச்சு.

பாம்பைக் கண்டவர்களும் ஏமாறுவதுண்டு. வீடுகளில் திரியும் விஷமில்லாத ஓநாய்ப் பாம்புக்கும் உடம்பில் வெள்ளைப் பட்டிகள்தான். அதற்குக் கழுத்துப் பக்கம் எடுப்பாக இருந்து வால் பக்கம் மங்கும், கட்டுவிரியனுக்கு மறுதலை. ரோச் வெளிச்சத்தில் இந்த ஆராய்ச்சி வேண்டாம். அடித்துப் பையில் கொண்டுவரவும் வேண்டாம். தூர நின்று போனில் ஒரு படம் போதும். கயிறு கட்டாமல், கீறாமல் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

வந்ததும் ஊசி போடவில்லை என்று சிலர் கோபிப்பார்கள். விஷமுறிவு மருந்தே கடும் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடும். அதனால் விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால்தான் போடுவோம். ஆள் நன்றாக இருக்கிறாரே என்று துண்டு வெட்டிக்கொண்டு போகாமல் ஒரு முழு நாளாவது வாட்டில் இருக்க விடுங்கள்.

முற்றாக வாதம் அடித்தவர் செத்தவர் போலவே கிடப்பார். இமை அசையாது, கருமணி வெளிச்சத்துக்குச் சுருங்காது. ஆனால் நினைவு இருக்கலாம், காது கேட்கலாம். செயற்கைச் சுவாசத்தில் சில நாள் வைத்திருந்தால் பெரும்பாலும் எழும்பி நடந்து வீட்டுக்குப் போவார். கட்டிலருகே நின்று செத்தவீட்டுச் செலவு பேசுகிறவர்களை வெளியே அனுப்பிவிடுவேன்.

கொட்டிலில் கட்டில் போட முடியாவிட்டால் நுளம்பு வலையைக் கட்டி, ஓரத்தைப் பாயின் கீழ் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள். நுளம்புக்கு மட்டுமல்ல, பாம்புக்கும் அது தடை.