மகன் வீட்டில் இருந்தாலும் உரிமை உண்டு: பிரித்தானியாவின் குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு

பிரித்தானியாவில் ஓய்வூதிய வயதை எட்டியவர்கள் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருப்பதற்கென 1997 முதல் அரசாங்கம் ஆண்டுதோறும் ஒரு தொகையை வழங்கிவருகிறது. 2024 ஜூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பென்சன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரச உதவித்தொகை) போன்ற உதவிகளைப் பெறுவோருக்கு மட்டுமே இது கிடைக்கும் என்று சுருக்கினார். கடும் எதிர்ப்பு எழவே, 2025 ஜூனில் அரசாங்கம் அந்த முடிவிலிருந்து பெருமளவு பின்வாங்கியது. ஆனால் முதல் அறிவிப்பைக் கேட்ட பலர் ‘அந்தக் காசை நிற்பாட்டிவிட்டார்கள்’ என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2025-26 குளிர்காலத்துக்கான விதி இது: 1959 செப்டெம்பர் 22-க்கு முன் பிறந்து, 2025 செப்டெம்பர் 15 முதல் 21 வரையிலான வாரத்தில் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வசித்தவர்கள் இதற்கு உரியவர்கள். வீட்டில் உள்ள உரியவர்கள் அனைவரும் 80 வயதுக்குக் குறைந்தவர்களாயின் அந்த வீட்டுக்கு 200 பவுண்டு. 80 அல்லது அதற்கு மேற்பட்டவர் ஒருவராவது இருந்தால் 300 பவுண்டு. லண்டன் ஹரோவில் மகனுடன் வாழும் 82 வயதுத் தந்தையையும் 76 வயதுத் தாயையும் எடுத்துக்கொண்டால், வழமையாகத் தந்தையின் கணக்குக்கு 200, தாயின் கணக்குக்கு 100 என்று பணம் வந்து சேரும். வீடு மகனுடையது என்பதோ, மகனின் சம்பளம் எவ்வளவு என்பதோ கணக்கில் வராது.

அரச ஓய்வூதியம் பெறுவோரில் பெரும்பாலானோர் விண்ணப்பிக்கத் தேவையில்லை. நவம்பர் அல்லது டிசம்பரில் பணம் தானாகவே வந்துவிடும். ஆகவே ‘விண்ணப்பிக்க இங்கே அழுத்துங்கள்’ என்று கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி மோசடி என்றே கொள்ள வேண்டும்.

ஒருவரின் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டைத் தாண்டினால், கொடுத்த தொகை முழுவதையும் வரித் திணைக்களம் பின்னர் திரும்ப அறவிடும். இந்த எல்லையைத் தாண்டியதற்கேற்பத் தொகை படிப்படியாகக் குறைவதில்லை. ஒரு பவுண்டு தாண்டினாலும் முழுத்தொகையும் போய்விடும், இது அவ்வளவு நியாயமாகப் படவில்லை. எனினும் கணவன் மனைவியின் வருமானத்தைக் கூட்டிப் பார்ப்பதில்லை என்பதால், கணவன் எல்லையைத் தாண்டியிருந்தாலும் மனைவியின் பங்கு அவரிடமே இருக்கும்.

உண்மையில் இதைவிடப் பெரிய உதவி பென்சன் கிரெடிட் ஆகும். நம்மவர்கள் தவறவிடுவதும் பெரும்பாலும் அதையே. வேலை செய்த ஆண்டுகள் குறைவாக இருந்ததால் முழு ஓய்வூதியம் கிடைக்காதவர்களின் வார வருமானத்தை, 2025-26 கணக்கின்படி, தனியாளுக்கு 227.10 பவுண்டாகவும் தம்பதியருக்கு 346.60 பவுண்டாகவும் இது உயர்த்தித் தருகிறது. ‘பிள்ளை பார்க்கிறான், நமக்கு எதற்கு’ என்று பெற்றோர் ஒதுங்கிவிடுகிறார்கள்; ஆனால் இங்கும் பிள்ளையின் வருமானம் பார்க்கப்படுவதில்லை. சேமிப்பில் முதல் 10,000 பவுண்டு கணக்கில் எடுக்கப்படாது. அதற்கு மேலுள்ள ஒவ்வொரு 500 பவுண்டும் வாரத்துக்கு 1 பவுண்டு வருமானமாகக் கருதப்படும். ஓய்வூதியமாக வாரம் 180 பவுண்டு பெற்று, வங்கியில் 16,000 பவுண்டு வைத்திருக்கும் ஒரு தாயாரின் வருமானம் 192 பவுண்டு என்று கணிக்கப்படும், மீதி 35.10 பவுண்டு வாரந்தோறும் அவருக்குக் கிடைக்கும். யாழ்ப்பாணத்து வங்கி வைப்பும், அங்கே வைத்திருக்கும் காணியும் சொத்துதான். அவற்றை விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது. விசாவில் ‘பொது நிதி பெற முடியாது’ என்ற நிபந்தனை உள்ளவர்கள் பென்சன் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் குடிவரவு ஆலோசனை பெறுவது அவசியம்.

பென்சன் கிரெடிட் கிடைத்தால் வேறு உதவிகளும் சேரும். ஏழு நாள் தொடர்ந்து சராசரி வெப்பநிலை பூச்சியம் பாகையிலோ அதற்குக் கீழோ இருந்தால், அத்தகைய ஒவ்வொரு ஏழு நாளுக்கும் 25 பவுண்டு தரப்படும். மின்கட்டணத்தில் 150 பவுண்டு தள்ளுபடியும் உண்டு. ஆனால் மின்பட்டியல் விண்ணப்பதாரரின் பெயரிலோ துணைவரின் பெயரிலோ இருக்க வேண்டும். மகன் பெயரில் பட்டியல் வரும் வீட்டில் வாழும் பெற்றோருக்கு இந்த ஒன்று மட்டும் கிடைக்காமல் போகிறது.

ஸ்கொட்லாந்தில் இவற்றில் சில வேறு பெயரிலும் வேறு தொகையிலும் அங்குள்ள அரசாங்கத்தாலேயே வழங்கப்படுகின்றன.

குளிருக்குப் பயந்து தை, மாசியில் ஊருக்குப் போய்வரும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பென்சன் கிரெடிட் பெறுபவர் பொதுவாக நான்கு வாரம் வரையே நாட்டை விட்டு வெளியே இருக்கலாம். நெருங்கிய உறவினரின் மரணம் போன்ற காரணம் இருந்தால் எட்டு வாரம் வரை அனுமதி உண்டு. மூன்று மாதம் தங்கும் எண்ணத்தோடு புறப்படுபவரின் கொடுப்பனவு நிறுத்தப்படும்; திரும்பி வந்தபின் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஆகவே பயணச்சீட்டு வாங்கும்போதே திரும்பும் திகதியைப் பார்த்துக்கொண்டு, போகும் செய்தியை ஓய்வூதிய அலுவலகத்துக்கு முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும்.