பங்களாவை மாளிகை ஆக்காதீர்கள்

வெள்ளைக்காரர் காலத்து வீடுகளைப் பற்றி மொழிபெயர்த்து வரும் கட்டுரைகளில் பங்களா என்ற சொல்லையே காணோம். எல்லாம் மாளிகை. அண்மையில் படித்த ஒன்றில் ஓலைக்கூரை போட்ட மாளிகைகூட வந்துவிட்டது. எழுதியவருக்கு உறுத்தவே இல்லையா?

சொல்லின் கதை சின்னது. இந்துஸ்தானியில் பங்ளா என்றால் வங்காளத்தைச் சேர்ந்தது என்று பொருள். வங்காளத்துக் கிராமங்களில் கூரை வளைந்து இறங்கும் குடிசைதான் இதற்கு முன்மாதிரி. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அந்த அமைப்பையும் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். ஆக, குடிசையில் பிறந்த சொல்.

மாளிகை என்றதும் நமக்கு மாடமும் உயரமும் நினைவுக்கு வருகின்றன. பங்களாவோ பெரும்பாலும் ஒரே தளம். அதன் அதிகாரம் இடைவெளியில் இருந்தது. சுற்றிலும் காம்பவுண்டு, நடுவில் வீடு, முன்னால் அகலமான வராந்தா. மனுக்கொடுக்க வந்தவர் அந்த வராந்தாவோடு சரி. சமையல்கட்டு புகையும் வாடையும் எட்டாத தூரத்தில் தனியாக நின்றது. வேலைக்காரர் குடியிருப்பு அதற்கும் பின்னால். குளியலறைக்கு வெளிப்பக்கமாக ஒரு கதவு: மலம் அள்ளுகிறவர் வீட்டுக்குள் கால்வைக்காமல் வந்துபோக. கூரையில் தொங்கும் துணி விசிறியான பங்காவை இழுப்பவர் பல வீடுகளில் சுவருக்கு வெளியே உட்கார்ந்திருப்பார், கயிறு மட்டும் துளை வழியாக உள்ளே போகும். யார் எந்தக் கதவு வரை என்பதைச் சுவரே தீர்மானித்த வீடு அது. இத்தனையும் மாளிகை என்ற ஒரு சொல்லில் மறைந்துபோகிறது.

இந்த வராந்தாவைத் திண்ணை என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். திண்ணை தெருவை ஒட்டியது, வழிப்போக்கன் கேட்காமலே உட்காரலாம். வராந்தா அப்படியா? தாழ்வாரம் என்றால்கூட அமைப்புக்குப் பொருந்தும்.

சரி, தனித்தமிழ் வேண்டும் என்பவர்கள் வளமனை என்கிறார்கள். உழைத்து ஆக்கிய சொல்தான், மதிக்கிறேன். ஆனால் அது செல்வத்தை மட்டும் பார்க்கிறது. பயணத்தில் அதிகாரிகள் தங்கிய டாக் பங்களாவில் இரண்டொரு அறை, கட்டில், மேசை. அங்கே என்ன வளம்? அதையும் நம் பலகைகள் பயணியர் மாளிகை என்றே எழுதிவைத்திருக்கின்றன.

என் கருத்து: பங்களா என்றே எழுதுங்கள். ஆங்கிலத்துக்கே இங்கிருந்து போன சொல் அது. எந்த ஊரிலும் யாருக்கும் விளங்கும். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்குமுன் அந்த வீட்டில் வேலைசெய்தவர்கள் அதை என்னவென்று சொன்னார்கள் என்று கேட்டிருக்கலாம். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் துரை பங்களா என்றார்கள். யாருடையது, எப்படிப்பட்டது, இரண்டும் அதில் இருக்கின்றன. அவர்கள் இருந்தது லயத்தில்: ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் காம்பராக்கள் என்ற அறைகள், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு குடும்பம். அப்புறம் மொழிபெயர்ப்பாளர் வருகிறார். துரை பங்களா மேலாளர் மாளிகை ஆகிறது, லயம் தொழிலாளர் இல்லம் ஆகிறது.