முதலையைப் பிடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

நீர்நிலையில் முதலை தலைகாட்டினால், ‘பிடித்துக்கொண்டு போய் வேறெங்காவது விட்டுவிடுங்கள்’ என்றுதான் மக்கள் முதலில் கேட்கிறார்கள். பயத்தில் கேட்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிடிபட்ட முதலைகளுக்கு வைத்தியம் பார்க்கும் வனவிலங்கு மருத்துவராக, எனக்கு அந்தக் கோரிக்கையைக் கேட்டாலே கொஞ்சம் கலக்கமாக இருக்கும். வெளியில் காயமே இல்லாத முதலை மறுநாள் செத்துக் கிடப்பது எங்கள் துறையில் புதிதல்ல.

காரணம் அதன் தசையில் இருக்கிறது. முதலை நாள் முழுக்க அசையாமல் கிடக்கும். சில நொடிகளில் முழு பலத்தையும் காட்டும். அப்புறம் மறுபடி நீண்ட ஓய்வு. அந்தச் சில நொடிகளுக்கு வேண்டிய ஆற்றலைத் தசை பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லாமலேயே எடுத்துக்கொள்கிறது. அப்போது லாக்டிக் அமிலம் சேரும். இரை பிடிக்கும்போது இது ஒரு பொருட்டே இல்லை. கயிற்றில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் உருண்டு புரளும்போதுதான் ரத்தம் அமிலமாகிக்கொண்டே போகிறது. உவர்நீர் முதலைகளில் 1980களில் இதை அளந்து பார்த்தார்கள். பெரிய முதலைகளில் ரத்தத்தின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 7க்கும் கீழே இறங்கியிருந்தது. மனிதருக்கு அந்த அளவு வந்தால் உயிர் ஊசலாடும். சின்ன முதலை சீக்கிரம் களைத்து அடங்கிவிடும், பெரியது விடாமல் போராடும். அதனால் மலைபோல் இருக்கும் விலங்குக்குத்தான் ஆபத்து அதிகம்.

‘மயக்க ஊசி போட்டால் போராட்டமே இருக்காதே’ என்பார்கள். முதலையின் உடல்வெப்பம் சுற்றுப்புறத்தைச் சார்ந்தது. மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும். ஊசி பட்டவுடன் அது நீருக்குள் போய்விடும், உள்ளேயே மயங்கி மூழ்கிவிடும். எனவே பெரும்பாலும் ஊசியைத் தவிர்த்து, சுருக்குப் போட்டு சீக்கிரம் கரையேற்றி, ஈரத்துணியால் கண்ணை மூடி, வாயைக் கட்டுகிறோம். உவர்நீர் முதலையின் கடி விசை 16,000 நியூட்டனைத் தாண்டுகிறது. அதே வாயைத் திறக்கும் தசையோ பலவீனமானது, நல்ல ஒட்டுநாடாவே போதும். ஆனால் வாயைக் கட்டிய முதலையை வெயிலில் போட்டு வைக்கக் கூடாது. வாயைப் பிளந்து சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழியையும் அடைத்துவிட்டோம் அல்லவா? கூட்டமும் கூச்சலும் முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதும் போராட்டத்தை நீட்டிக்கத்தான் உதவும்.

சரி, பிழைத்துக்கொண்டது, தூரத்தில் விட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அங்கேயே இருக்குமா? ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்தில் மூன்று பெரிய உவர்நீர் முதலைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி வேறிடங்களில் விட்டார்கள். 2007இல் முடிவுகள் வெளியாயின: மூன்றுமே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன. தீபகற்பத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுபோய் விட்ட முதலை, 400 கிலோமீட்டருக்கு மேல் கடலோரமாகவே சுற்றி வந்து சேர்ந்தது. திரும்பாவிட்டாலும் நிம்மதி இல்லை. ஓர் இடத்தை ஆண்டுகொண்டிருக்கும் பெரிய ஆண் முதலை மற்ற ஆண்களை அண்டவிடாது. அதை எடுத்துவிட்டால் காலியான இடத்துக்கு வேறு முதலைகள் போட்டி போட்டு வரலாம்.

இவ்வளவு தூரம் வழி கண்டுபிடிக்கும் விலங்கைத்தான் ‘டைனோசர் காலத்திலிருந்து மாறாத பிராணி’ என்று எழுதித் தள்ளுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. முதலைக் கால்வழியில் நிலத்தில் ஓடித் திரிந்தவை இருந்தன, துடுப்புக் கால்களோடு கடலிலேயே வாழ்ந்தவை இருந்தன, செடி தின்றவைகூட இருந்தன. மடகாஸ்கரில் புதைபடிவமாகக் கிடைத்த சிமோசூக்கஸ், அப்படிச் செடி தின்ற ஒரு குட்டைமூக்குக்காரர். மிஞ்சியது நீரோர வேட்டைக்காரர் கிளை மட்டுமே. இன்று உயிரோடு இருப்பவற்றில் முதலைக்கு நெருங்கிய உறவு பல்லியோ பாம்போ அல்ல, பறவைகள். முதலையின் இதயத்துக்கும் நான்கு அறைகள். நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும் ஏற்பாடு பறவையிலும் இருக்கிறது, முதலையின் உறவினமான அலிகேட்டரிலும் இருக்கிறது. முதலையின் இதயத்தில் கூடுதலாக ஒரு வசதி உண்டு: நுரையீரலுக்குப் போகவேண்டிய ரத்தத்தில் ஒரு பகுதியை உடலுக்கே திருப்பிவிட அதனால் முடியும்.

அலிகேட்டரும் முதலையும் ஒன்றல்ல. அலிகேட்டரில் இன்று இரண்டே இனங்கள், ஒன்று அமெரிக்காவின் தென்கிழக்கில், மற்றது சீனாவில் யாங்சி ஆற்றுப் பகுதியில். வாயை மூடினால் அலிகேட்டரின் கீழ்ப்பற்கள் மறைந்துவிடும். முதலைக்குக் கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரியும். முதலையின் நாக்கில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் உண்டு, கடலில் நெடுநாள் தாக்குப்பிடிப்பது அதனால்தான். மனிதர்மீது நடக்கும் மோசமான தாக்குதல்களில் பெரும்பங்கு உவர்நீர் முதலையுடையதும் நைல் முதலையுடையதும்தான்.

இவை இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தைக் காட்டலாம். அலிகேட்டர்கள் தோண்டி வைக்கும் குழிகளில் வறண்ட காலத்திலும் தண்ணீர் நிற்கும். மீன், ஆமை, நீர்ப்பறவை எல்லாம் அதை நம்பித்தான் அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்கின்றன. 1967இல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்ட அமெரிக்க அலிகேட்டர், பாதுகாப்பு கிடைத்ததும் பெருகி 1987இல் பட்டியலிலிருந்து வெளியேறியது.

முதலை இருக்கும் நீர்நிலைக்குப் போகவேண்டியவர்கள் கவனிக்க வேண்டியது உங்கள் பழக்கத்தைத்தான். தினமும் ஒரே நேரத்தில் ஒரே துறையில் இறங்கினால், முதலை அதைப் பார்த்து வைத்துக்கொள்ளும். இடத்தை மாற்றுங்கள். நீர்விளிம்பில் குனிந்து உட்காராதீர்கள், இருட்டிய பிறகு அந்தப் பக்கமே போகாதீர்கள். மீன்கழிவை நீரில் கொட்டுவது, கரையிலிருந்து இறைச்சி வீசுவது இரண்டும் முதலைக்கு மனிதரையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பழக்கும் வேலை. தினமும் குளிக்கும் துறை என்றால் உறுதியான வேலி அடைப்பதுதான் நல்ல ஏற்பாடு. வளைந்து வளைந்து ஓடினால் தப்பிக்கலாம் என்பது வெறும் கதை. நிலத்தில் முதலை அதிக தூரம் துரத்தாது, நேராக நீரைவிட்டு விலகி ஓடினால் போதும்.

முட்டையிடும் காலம் தனிக் கணக்கு. கூட்டின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. அமெரிக்க அலிகேட்டரில் ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸில் பெண் குஞ்சுகள், 33 டிகிரியில் பெரும்பாலும் ஆண். கூட்டைக் கலைத்தாலோ மேலே நிற்கும் மர நிழலை வெட்டினாலோ இந்தக் கணக்கும் கலைந்துவிடும். இட்ட ஒருநாளிலேயே கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. காப்பாற்றுகிறேன் என்று முட்டையை எடுத்துப் புரட்டி வைத்தால் கரு செத்துவிடும். வேடிக்கைக்காகக் குட்டியைத் தூக்குபவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: அது கத்துகிற சத்தத்துக்குத் தாய் பாய்ந்து வரும், பக்கத்தில் கிடக்கும் மற்ற பெரிய முதலைகளும் வரும்.