ஆடிக் காற்றில் சிறு விமானம் எழும்போது

ஆடி மாதத்தில் காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு மொபெட்டில் போகிறவர்கள், வீடுகளின் மறைவு முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில், மேல்காற்று வண்டியைச் சட்டென்று இடப்பக்கம் தள்ளுவதை உணர்ந்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று செட்டிநாட்டில் இருப்பதாலோ என்னவோ, பறக்கும் ஆசையுள்ள பிள்ளைகளுக்கு இங்கே குறைவில்லை. சிறு விமானப் பயிற்றுநரான நான் அவர்களிடம் முதலில் நினைவூட்டுவது இந்தத் தள்ளலைத்தான். விமானக் கொட்டகையின் மறைவைத் தாண்டியதும் ஓடுபாதையில் நடப்பதும் இதுவே.

தரையில் ஓடும் விமானத்தின் வாலைக் குறுக்குக் காற்று தள்ளுவதால், மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பப் பார்க்கும்; காற்றுப் பக்கத்து இறக்கையும் மேலெழப் பார்க்கும். ஒற்றை எஞ்சின் விமானங்களில் பெரும்பாலானவை முழு விசையில் தாமாகவே இடப்பக்கம் இழுப்பவை. ஆகவே இடமிருந்து வரும் காற்று கூடுதல் தொல்லை. ஓட்டத்தின் தொடக்கத்தில், விமானி கையில் பிடிக்கும் யோக்கைக் காற்று வரும் பக்கம் முழுவதும் திருப்பி, வாலிலுள்ள சுக்கானான ரட்டரைக் காலால் மிதித்து மூக்கை நேராக வைத்து, வேகம் கூடக்கூட எய்லரானை (யோக்கைத் திருப்பினால் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் இறக்கை ஓரப் பலகை) சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

காருக்குப் பழகிய கை இதற்கு எதிராகச் செய்கிறது. இடக்காற்றில் மூக்கு இடப்பக்கம் ஓடியதும் என் மாணவர் ஒருவர், யோக்கை ஸ்டியரிங் என்று எண்ணி வலப்பக்கம் திருப்பினார். மூக்கு திரும்பவில்லை, இட இறக்கைதான் எழுந்தது. இடச்சக்கரத்தின் உறுமல் நின்று, வலச்சக்கரம் மட்டும் கீச்சிட்டது. எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை மூடி நிறுத்தி, இறங்கிப் பார்த்தபோது வல டயரின் ஓரம் ராவிவிட்டாற்போல் தேய்ந்திருந்தது.

அவசரப்பட்டு எழுப்புவது இதைவிடக் கெடுதல். போதிய வேகமின்றி அரைகுறையாக எழுந்த விமானம் காற்றோடு பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி தரையில் அமரும்போது, சக்கரக் கால் மடிவதும் இறக்கை நுனி உரசுவதும் நேர்கின்றன. வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் வேகம் வரும்வரை தரையிலேயே வைத்திருந்து, தயங்காமல் ஒரேயடியாக எழுப்பி, அதன்பிறகே மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும்.

செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் கையேட்டிலுள்ள 15 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) என்பது சோதனையில் செய்துகாட்டப்பட்ட குறுக்குக் காற்றின் அளவு; தடை வரம்பு அன்று. இருந்தாலும், 20 மணி நேரமே பறந்த மாணவருக்கு அதில் பாதியே அதிகம் என்பது என் கருத்து. 20 நாட் காற்று ஓடுபாதைக்கு 30 பாகை சாய்ந்து வந்தால் குறுக்கே தள்ளுவது 10 நாட். 60 பாகையானால் 17. கணக்கிட வேண்டியது சராசரியை அன்று, வீச்சின் உச்சத்தை.

இப்போதெல்லாம் ஓடுபாதைக்குள் நுழையுமுன் காற்றின் திசை காட்டும் துணிப்பையைப் பார்க்கச் செய்து, “ரட்டரை முழுவதும் மிதித்தும் மூக்கு நடுக்கோட்டுக்குத் திரும்பாவிட்டால் த்ராட்டிலை மூடுவேன்” என்று மாணவரை வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன்.