ஆபீஸ் பழக்கம்தானே என்று விட்டுவிடுகிறோம்

பணி ஓய்வு பெற்ற சில மாதங்களில் மனநல மருத்துவரான என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தூக்கத்தைத்தான் சொல்வார்கள். "விடியக்காலம் மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது டாக்டர்." சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரியாக இருக்கும். பணக் கவலையும் இருக்காது. "வேலையில இருந்தப்ப மதியம் யார்கூட சாப்பிடுவீங்க?" என்று கேட்பேன். அதுவரை ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னவர் அப்போதுதான் வாய் திறப்பார்.

பக்கத்து மேசைக்காரர். அல்லது ஒரே பஸ்ஸில் வந்த டீச்சர், ஒரே வார்டில் நைட் டூட்டி பார்த்த நர்ஸ். அம்மாவின் புற்றுநோய், மகனின் அரியர், வீட்டுக்காரருடன் பேச்சில்லாமல் போன நாட்கள் எல்லாம் கூடப்பிறந்தவர்களுக்கு முன்னால் இவருக்குத்தான் தெரிந்திருக்கும். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு அவர் "கூட வேலை பார்த்தவர்", அவ்வளவுதான். அவர் இறந்துவிட்டால் மாலை போட்டுவிட்டு மறுநாள் வேலைக்கு வந்துவிட வேண்டும். துக்கம் விசாரிக்கக்கூட யாரும் வரமாட்டார்கள்.

அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து செலவழித்திருக்க வேண்டும். சேர்ந்து வேலை செய்த நேரம் இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. அரட்டை அடித்த நேரமும் மனம் விட்டுப் பேசிய நேரமும்தான் நெருக்கத்தை உண்டாக்குகின்றன. நாற்பது வயதுக்காரர் இதற்கு எங்கே போவார்? தினம் அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை என்றால் 400 வேலை நாள். நாம் கேட்காமலே அதை அலுவலகம் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் இடமாற்றமோ ஓய்வோ வந்ததும் நட்பும் ஆட்டம் காண்கிறது. "போனதும் மறந்துட்டார்" என்று இவர் நினைப்பார், அங்கே அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

பெண்களுக்கு இது இன்னும் கடினம். ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டுக்குப் போகிறேன் என்றால், "நாள் பூரா ஆபீஸ்ல பேசுறது போதாதா?" என்பார்கள். அப்படிக் கேட்கும் கணவரே நண்பர்களோடு டீக்கடையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருப்பார்!

"அவங்க வீட்டுக்குப் போயிருக்கீங்களா?" என்பது நான் தவறாமல் கேட்கும் கேள்வி. இருபது வருடம் டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொண்டவர்கள்கூட, கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனதோடு சரி என்பார்கள். பணியில் இருக்கும்போதே நட்பை வேலை நேரத்துக்கு வெளியே கொஞ்சம் நகர்த்தி வையுங்கள். காலை நடை, கோயில், குடும்பத்தோடு ஒரு சாப்பாடு, எதுவாகவும் இருக்கலாம். மேலதிகாரியைத் திட்டுவதைத் தவிரப் பேச வேறு ஏதாவது இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். இல்லையென்றால் அது வெறும் பழக்கம்தான், அதிலும் தப்பில்லை. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதை மட்டும் நட்புக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். நல்ல சிநேகிதங்கள் பல அதில்தான் முறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நன்றியை வாய்விட்டுச் சொல்ல நமக்குக் கூச்சம். அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் சிலரை நன்றிக் கடிதம் எழுத வைத்து 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெறுகிறவர் சங்கடப்படுவார் என்று எழுதியவர்கள் நினைத்த அளவுக்குப் பெற்றவர்கள் சங்கடப்படவில்லை, எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே மகிழ்ந்தார்கள். பிரிவு உபசார விழாவில் பொன்னாடை போர்த்திப் பொதுவாகப் பேசுவது இதில் சேராது. "அப்பா ஐசியூவில இருந்தப்ப என் கணக்கையும் சேர்த்து நீங்கதான் முடிச்சீங்க, நான் மறக்கல" என்று நடந்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னாலும் போதும்.

ஓய்வுக்குப் பிறகோ நண்பரின் மறைவுக்குப் பிறகோ இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை நீடித்தால் அதை வயசுக்கோளாறு என்று ஒதுக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நேரில் வரத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.