எந்த அடுக்கில் நிறுத்துவது? ரோமானியச் செப்புக்காசைத் துலக்கும் வேதியியல்

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசின் அக்கசாலைகள் செம்பை முதன்மையாகக் கொண்ட சிறு வெண்கலக் காசுகளைப் பெருந்தொகையாக அச்சிட்டு வெளியிட்டன. டான்யூப் ஆற்றை ஒட்டிய எல்லையில் படைகள் நிலைகொண்டிருந்ததால், இன்றைய பல்கேரியா, செர்பியா நாடுகளின் வயல்களில் அவை ஏராளமாகக் கிடைக்கின்றன. மண்ணும் களிம்பும் மூடிய இக்காசுகளைத் துலக்காத நிலையிலேயே மொத்தமாக வாங்கி, வீட்டு மேசையில் வைத்துப் பொறுமையாகத் துலக்கி, யாருடைய காசு என்று கண்டறிவது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. இதற்குக் கைத்திறன் வேண்டும்தான். ஆனால், செம்பு மண்ணுக்குள் எப்படி மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ளாதவரின் கைத்திறன் காசைக் காப்பாற்றாது.

மண்ணில் கிடக்கும் செம்பு ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரியும்போது, உலோகத்தை ஒட்டினாற்போல் குப்ரைட் என்னும் செந்நிற ஆக்சைடு முதலில் உருவாகிறது. மண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவின் துணையோடு அதன்மேல் மாலகைட் என்னும் பச்சைக் கார்பனேட்டு வளர்கிறது. சில காசுகளில் அசூரைட்டின் நீலமும் அங்கங்கே தெரியும். இவற்றுக்கும் மேலே மணலையும் சுண்ணாம்பையும் கவ்விக்கொண்ட கரடுமுரடான ஓடு ஒன்று இருக்கும். இந்த மாற்றம் மெதுவாக, இடம்பெயராமல் நடப்பதால், அச்சில் பதிந்த உருவத்தின் வடிவத்தை உலோகத்திடமிருந்து களிம்பு ஏறக்குறைய அப்படியே வாங்கிக்கொள்கிறது. அதனால், சுமார் 1,600 ஆண்டுகள் கழித்து நம் கைக்கு வரும் காசில் அரசனின் மூக்கும், தலையில் சூடிய வாகையும், சுற்றியுள்ள எழுத்துகளும் பெரும்பாலும் களிம்பில்தான் இருக்கின்றன. அடியில் எஞ்சியிருக்கும் உலோகமோ அரிபட்டு, குண்டும் குழியுமாகக் கிடக்கும்.

பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய நமக்கு, இதையும் அப்படியே செய்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. குடத்தின் மேல் படிந்திருப்பது மெல்லிய படலம். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிட்டாலும் குடத்தின் வடிவத்துக்கு ஒன்றும் ஆகாது. காசிலோ அமிலம் கரைப்பது உருவத்தையே. எலுமிச்சைச் சாறும் வினிகரும் சில மணி நேரத்திலேயே எல்லாப் பச்சையையும் நீக்கிவிடும். மின்னாற்பகுப்பு அதைவிட விரைவாக நீக்கும். பிறகு கையில் மிஞ்சுவது சொறிபிடித்தாற்போன்ற செந்நிறத் தகடு மட்டுமே, அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்த வழியும் கிடையாது.

ஆகவே துலக்குபவரின் வேலை, எந்த அடுக்கில் நிறுத்துவது என்று அறிவதே. அதற்கு மணல் நல்ல வழிகாட்டி. காசின் பழைய மேற்பரப்புக்கு வெளியே வளர்ந்த களிம்பு, சுற்றியிருந்த மண்ணுக்குள் வளர்ந்தது. எனவே அதில் மணல் துகள்கள் சிக்கியிருக்கும். பழைய மேற்பரப்புக்கு உள்ளே உலோகமாக இருந்து பின்னர் களிம்பான பகுதியில் மணல் இருக்க வழியில்லை. பத்து மடங்கு பெருக்கும் நுண்ணோக்கியின் கீழ் பார்த்துக்கொண்டே சுரண்டும்போது, மணல் கலந்த பொருபொருத்த ஓடு நீங்கி, மணலே இல்லாத, வழவழப்பான, இறுகிய அடுக்கு தெரிந்தால், அந்த இடத்தில் கருவியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

முதல் படி ஊறவைப்பது. காசுகளை வாலை வடிநீரில் போட்டு, நீர் கலங்கும்போதெல்லாம் மாற்றிக்கொண்டே வந்தால், சில வாரங்களில் மண் இளகும். கரையக்கூடிய உப்புகளும் வெளியேறும். குளோரின் கலந்த குழாய் நீர் இதற்கு ஏற்றதல்ல. ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைப்பவர்களும் உண்டு. எண்ணெயில் உள்ள ஒலியிக் அமிலம் செம்புக் கார்பனேட்டை மெல்லக் கரைத்துச் செம்பு ஒலியேட்டாக மாற்றுவதால்தான் எண்ணெய் பச்சையாகிறது. அந்தப் பச்சையைக் கண்டு, எண்ணெய் நன்றாக வேலை செய்கிறது என்று பலர் மகிழ்கிறார்கள். எனக்கு அது இழப்பின் நிறமாகவே படுகிறது. மெதுவாகக் கரைப்பதாலேயே ஓர் அமிலம் தீங்கற்றதாகிவிடாது.

ஊறிய பிறகு மூங்கில் குச்சியும் ஊசிமுனையும் கத்திமுனையும் போதும். கி.பி. 330 முதல் அச்சான ஒரு காசை எடுத்துக்கொள்வோம்: பின்பக்கத்தில் ஈட்டியும் கேடயமும் ஏந்திய இரண்டு வீரர்கள், சுற்றிலும் படையின் புகழைச் சொல்லும் 'குளோரியா எக்ஸெர்சிட்டுஸ்' என்னும் வாசகம். வீரர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள் நின்றால் அது 330களின் முதற்பாதியைச் சேர்ந்தது. எடை குறைக்கப்பட்ட பிற்காலக் காசில் ஒரே கொடிதான். வீரர்களின் காலடிக் கோட்டுக்குக் கீழே உள்ள நுண்ணெழுத்துகள் எந்த அக்கசாலை என்று சொல்லும். கொடியை மூடிய களிம்பில் ஊசி ஒரு முறை சறுக்கினால் காசின் காலமே தெரியாமல் போகலாம்.

காலமும் அச்சான ஊரும் தெரிந்தாலும், எங்கே கிடைத்தது என்ற செய்தி இந்த வணிகக் காசுகளில் ஏற்கெனவே தொலைந்துவிட்டது. இங்கிலாந்தின் ஃப்ரோம் அருகே 2010இல் 52,503 காசுகள் கொண்ட பானை ஒன்று கிடைத்தபோது, கண்டவர் அதைத் தோண்டி எடுக்காமல் தொல்லியலாளர்களிடம் தெரிவித்தார். அவர்கள் அடுக்கடுக்காக எடுத்ததால்தான், பிரிட்டனில் ஆட்சியைக் கைப்பற்றிய ரோமானியத் தளபதி கராசியஸின், காலத்தால் பிந்திய காசுகள் பானையின் மேல்மட்டத்தில் அல்லாமல் பெரும்பாலும் கீழேயே இருந்தன என்பதும், பானை ஒரே முறையில் நிரப்பப்பட்டிருக்க வேண்டும் என்பதும் தெரியவந்தன. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையிலும் இலங்கையிலும் பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள் கிடைத்துள்ளன. இந்தியாவில் இப்படிப் புதையலாகக் கிடைப்பதை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அவற்றை வீட்டில் துலக்கிப் பார்க்கக் கூடாது.

துலக்கி முடித்த காசுக்கும் ஆபத்து உண்டு. மண்ணில் இருந்த குளோரைடு, உலோகத்தை ஒட்டிக் குப்ரஸ் குளோரைடு என்னும் செம்பு உப்பாகத் தங்கியிருக்கும். மேலோடு நீங்கி ஈரக்காற்று பட்டதும் அது வெளிர்பச்சைத் தூளாக மாறுகிறது. அப்போது உண்டாகும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் புதிய செம்பை அரித்து மீண்டும் குப்ரஸ் குளோரைடை உருவாக்குகிறது. இந்தச் சுழற்சிக்கு வெண்கல நோய் என்று பெயர். தூள் கூடுதல் இடத்தை அடைப்பதால் காசு உள்ளிருந்தே வெடித்து உதிர்கிறது. சோடியம் செஸ்குவிகார்பனேட்டு என்னும் மென்காரக் கரைசலில் ஊறவைத்துக் குளோரைடை வெளியேற்றலாம், ஆனால் களிம்பின் நிறம் மாறக்கூடும். பென்சோடிரையசோல் என்னும் வேதிப்பொருள் குளோரைடை நீக்காது. செம்பின்மேல் கரையாத படலமாகப் படிந்து அரிப்பைத் தடுக்கிறது. நச்சுத்தன்மை உள்ளதால் கையுறையும் நல்ல காற்றோட்டமும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

குளோரைடு வெளியேறிவிட்டதா என்பதை ஊறவைத்த வடிநீரைக் கொண்டே அறியலாம்: சிறிதளவு நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டதும் வெண்மையாகக் கலங்கினால் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கலங்காத நிலை வந்த பிறகு காசை முற்றிலும் உலர்த்தி, நுண்படிக மெழுகை மெல்லிதாகப் பூசி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். உள்ளே காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை, எஞ்சியிருக்கும் குளோரைடும் பெரும்பாலும் அடங்கியே இருக்கும்.